மேட்டில் திணறும் மாருதி 800: கார்ப்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

எங்ககிட்ட வந்த ஒரு மாருதி 800, பொள்ளாச்சி வரைக்கும் குறையில்லாம ஓடும். ஆழியாறு தாண்டி வால்பாறை மேடு தொடங்கினதும் இரண்டாவது கியரிலேயே மிஸ்ஸிங் அடிக்கும், நிக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த பழைய மாருதி 800-இல் நாங்க அடிக்கடி பார்க்கிற கோளாறு இது. உடனே கார்ப்பரேட்டரைப் பிரிச்சுடாதீங்க.

பெட்ரோல் குறையா, கரண்ட் குறையா என்பதை முதலில் பிரிக்கணும். திணறும்போது சோக்கை, அதாவது காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் இழுப்பானை, பாதி இழுங்க. இழுவை திரும்பினால் பெட்ரோல் போதலை. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலில் கோளாறுன்னா சோக்குக்கு மசியாது, பெரும்பாலும் பட்டென்று அணையும். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸுன்னு காற்று உள்ளே போனால் காற்றுவழி அடைப்பு, அதோட வேலை முடிஞ்சது.

அடுத்தது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப். என்ஜின் நல்லா ஆறட்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றிட்டு, கார்ப்பரேட்டருக்கு வரும் ஓஸை ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு 15 நொடி செல்ஃப் அடிங்க. மேட்டில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், வேகம் 30 என்று வெச்சாலும் என்ஜின் குடிப்பது நிமிடத்துக்கு 60, 65 மில்லிதான். ஆக 15 நொடியில் 100 மில்லி வந்தாலே தாராளம். ஆனா அளவை மட்டும் பார்த்தால் போதாது, பெட்ரோல் நுரையா வருதான்னு பாருங்க, நுரைன்னா எங்கேயோ காற்று உள்ளே போகுது. என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் மோந்து பாருங்க. ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தால் பம்ப்புக்குள் இருக்கிற ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிஞ்சிருக்கலாம்.

இந்த வண்டியில் நுரைதான் வந்தது. பம்ப்புக்குள் போகும் ஓஸைக் கழற்றி, புது ஓஸில் தனி கேனிலிருந்து இழுக்கவிட்டால் சீரா வந்தது. அப்போ பம்ப் நல்லா இருக்கு, கோளாறு அதுக்குப் பின்னால். டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்கு வரும் ரப்பர் ஓஸில், கிளிப்புக்கு அடியில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. வெளியே சொட்டுக்கூட ஒழுகலை, ஏன்னா அது உறிஞ்சும் பக்கம். பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். மேட்டில் பின்னால் இருக்கிற டேங்க் தாழ்ந்துடும். என்ஜின் கேட்பதும் கூடும். பம்ப் இன்னும் பலமா உறிஞ்ச, காற்றும் கூடவே வரும். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்குது. அதனால் ஒரு துண்டை மட்டும் மாத்தாம எல்லா ஓஸையும் மாத்திடுங்க. பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் உள்விட்டம் ஒத்துப் பார்த்து, பெட்ரோல் ஓஸுக்கான தர முத்திரையான ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ (SAE J30R9) உள்ளதாக் கேட்டு வாங்குங்க. ஸ்க்ரூ கிளிப்பை அளவுக்கு மேல் முறுக்கினால் அது புது ஓஸையும் வெட்டிடும். டேங்கின் பழைய துருவையும் எத்தனால் கிளப்பிவிடும், அதனால் புது ஃபில்டரைச் சில வாரத்துலயே ஒருதடவை கழற்றிப் பாருங்க.