தறி ஓடும்போதே ஈ.சி.ஜி.

கோவை மாவட்டத்தில் சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டுத் தறியில் காடாத் துணியைக் கூலிக்கு ஓட்டுகிறோம். எம்.இ. பயோமெடிக்கல் (மருத்துவப் பொறியியல்) படிப்பில் என்னை அதிகம் அலைக்கழித்ததும், அதிகம் கற்றுக்கொடுத்ததும் அந்தக் குடோன்தான்.

பி.இ.யில் நான் ஈ.சி.இ. (மின்னணுவியல், தொடர்பியல்). முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வில் 2020லேயே பயோமெடிக்கலுக்குத் தனித்தாள் வந்துவிட்டது. ஆனால் எனக்கு உடலியங்கியல் சுத்தமாகத் தெரியாது, அதனால் பழகிய ஈ.சி. தாளையே எழுதினேன். தேறியதால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வந்தது. மேலே படிக்கிறேன் என்று வீட்டில் வாயைத் திறக்க முடிந்ததே அதனால்தான். கேட் தேறாமல் சேர்ந்த தோழிகளுக்கு அது கிடைக்கவில்லை. சேர நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முன்கூட்டியே யோசியுங்கள்.

முதல் இரண்டு செமஸ்டர் ஓடிவிட்டன. மூன்றாவதில் புராஜெக்ட். ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதினேன். பான், டாம்ப்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985ல் வெளியிட்ட முறைதான் அடிப்படை: 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, சரிவு பார்த்து, வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்தால் துடிப்பு தனியே எழுந்து நிற்கும். சோதித்துப் பார்க்க எம்.ஐ.டி.-பி.ஐ.எச். என்ற ஈ.சி.ஜி. பதிவுத் தொகுப்பு இருந்தது. பாஸ்டனில் 1975 முதல் 1979 வரை 47 பேரிடம் எடுத்த 48 அரைமணிப் பதிவுகள். அதில் என் நிரல் அழகாக ஓடியது. புராஜெக்ட் முடிந்த மாதிரியே இருந்தது.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது கருவியையும் எடுத்துப் போயிருந்தேன். குடோனில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எனக்கே எடுத்துப் பார்த்தேன். விரலை வைத்து நாடி எண்ணினால் 78. நிரல் சொன்னது 131.

மோட்டாரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக இருக்கும் என்று இரண்டு நாள் அதையே வடிகட்டிக்கொண்டிருந்தேன். கோடு மெலிந்தது, எண் மாறவில்லை. பிறகுதான் உறைத்தது: பக்கத்துத் தறி நிமிடத்துக்கு ஏறக்குறைய அத்தனை முறைதான் அடிக்கிறது! ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்து, வயர் ஆடி, நெஞ்சில் ஒட்டிய எலக்ட்ரோடு இழுபடுகிறது. தோலில் கிடைக்கும் சிக்னலே ஒரு மில்லிவோல்ட் அளவுதான். அதன் பக்கத்தில் இந்த இழுப்பு மலை. தறியின் அடியை நிரல் இதயத் துடிப்பாக எண்ணியிருக்கிறது.

தறியை நிறுத்திவிட்டு எடுக்கலாமே என்றேன். அப்பாரு (தாத்தா) கேட்டார்: "ஏங் கண்ணு, நிறுத்துன நேரத்துக்கு யாரு கூலி குடுப்பாங்க?" துணி எத்தனை மீட்டரோ அத்தனைக்குத்தான் காசு. அவர் கேட்டதுதான் என் புராஜெக்ட்டின் தலைப்பாக ஆனது.

சரி, நெசவாளர்களிடம் எடுக்க வேண்டுமென்றால் மனிதர்களிடம் செய்யும் ஆய்வைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடியது. என் தமிழ் ஒப்புதல் படிவத்தை ஒரு தடவை திருப்பியும் அனுப்பினார்கள். அன்றைக்கு அழுதேன். ஆனால் படிவத்தை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல கரண்ட் அடிக்குமா?" நான்கு பக்கம் எழுதிய நான் அதைத் தெளிவாக எழுதவே இல்லை. கருவி பேட்டரியில் ஓடும், பதிவு செய்யும்போது மடிக்கணினியில் சார்ஜர் இருக்காது என்று முதல் பத்தியிலேயே சேர்த்தேன். குழு திருப்பி அனுப்பியது நியாயம்தான். நீங்கள் மனிதர்களிடம் பதிவு எடுக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டாம் செமஸ்டரிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்.

காத்திருந்த மாதங்களில் என்னை வைத்தே சரிசெய்தேன். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து லேசாகத் தேய்த்தேன், வயர்களை முறுக்கிப் பனியனோடு பிளாஸ்திரி போட்டேன். நிரலில் செய்த எந்த மாற்றத்தையும்விட இதற்கே பலன் அதிகம். அப்புறம் எலக்ட்ரோடு பக்கத்தில் அசைவை அளக்கும் ஒரு முடுக்கமானியை ஒட்டி, அதிர்வைத் தனியாகப் பதிந்து, ஈ.சி.ஜி.யிலிருந்து கழித்தேன். விட்ரோ என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1975லேயே விளக்கிய, இரைச்சலுக்கேற்பத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் தகவமைப்பு வடிகட்டிதான் அது. ஸ்டூலில் உட்கார்ந்தால் நாடி 77, நிரல் 78.

அனுமதி வந்து பன்னிரண்டு பேரிடம் எடுத்தேன். தறியோரம் சும்மா நின்றால் எல்லோருக்கும் சரியாக வந்தது. அறுந்த நூலை முடிச்சுப் போடக் கையைத் தூக்கினால் ஆறு பேருக்குக் கெட்டது. தசை சுருங்கும்போது அதிலிருந்தே எழும் மின் இரைச்சல் அது, அசைவை மட்டும் அளக்கும் முடுக்கமானிக்குத் தெரியாது. அந்த ஆறு பேரின் வரைபடத்தையும் மறைக்காமல் ஆய்வேட்டில் வைத்தேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்திலேயே நின்றார். "எலக்ட்ரோடு எங்கே ஒட்டினீங்கம்மா?"

"ரெண்டு தோள்பட்டைக்குக் கீழேங்க சார்."

"நெஞ்செலும்பு மேல ஒட்டிப் பார்த்தீங்களா? அங்கே தசை குறைவு."

பார்க்கவில்லை என்று சொன்னேன். அன்று சாயங்காலம் பஸ் இறங்கி நேராகக் குடோனுக்குப் போய், நெஞ்சு நடுவில் ஒட்டிக்கொண்டு, அப்பாவின் நாலாம் தறியில் அறுந்திருந்த இழையைக் கையைத் தூக்கி முடிச்சுப் போட்டேன். கோடு கொஞ்சம் நடுங்கியது. துடிப்பு ஒன்றுகூடத் தவறவில்லை.