தடுப்பிலிருந்து தம்பியை எடுத்த கதை

2009-இல் போர் முடிந்தபோது, புலிகள் இயக்கத்தில் இருந்தவர்களைப் புனர்வாழ்வு என்று சொல்லி முகாம்களில் தடுத்து வைத்தார்கள். அந்தப் புனர்வாழ்வு முடிந்து வந்தவர்களின் விடுதலைக் கடிதத்தை இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஏன் கட்டிக் காக்க வேண்டும் என்று ஊரில் ஒரு பிள்ளை கேட்டாள். 2009-இல் அவள் சின்னப்பிள்ளை. அந்தக் கடிதம் கைக்கு வரும் வரை பட்ட பாட்டைச் சொன்னால்தான் விளங்கும்.

ஓமந்தை சோதனைச்சாவடி வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வட்டுவாகல் பாலம் கடந்து வந்தோம். இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தம்பி போய்ப் பதிந்தான். அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், எங்களை இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்கு அனுப்பினார்கள். எந்த முகாம், யார் பொறுப்பு, எவ்வளவு காலம் என்று ஒரு துண்டுகூடத் தரவில்லை. அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய 12,000 பேர் என்று பிறகு அரசாங்கமே சொன்னது. பெயர்ப் பட்டியலை மட்டும் ஒருநாளும் வெளியே விடவில்லை.

இது சட்டப்படி சரியா என்று பிற்காலத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். இரண்டு நாடுகள் அடிபட்டால், பிடிபட்ட சிப்பாய் முகாமுக்கு வந்து ஒரு கிழமைக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை எழுதலாம். மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையில் அது எழுதியே இருக்கிறதாம். உள்நாட்டுப் போருக்கு அது பொருந்தாது. நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை ஒன்றுதான் மிச்சம்: கொல்லக்கூடாது, சித்திரவதை கூடாது, முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்கக்கூடாது. கடிதம் எழுதுவது பற்றி அதில் பேச்சே இல்லை. 1977-இல் வந்த இரண்டாவது மேலதிக நெறிமுறையில் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் இலங்கை அதில் சேரவில்லை. போதாக்குறைக்கு, 2009 யூலையோடு சர்வதேச செஞ்சிலுவைக் குழுவையும் (ஐ.சி.ஆர்.சி.) அந்த முகாம்களுக்குள் விடாமல் நிறுத்திவிட்டார்கள். முன்பு பூசா தடுப்பு முகாமிலும் சிறைகளிலும் இருந்தவர்களிடம், ஐ.சி.ஆர்.சி. பார்த்துப் பதிந்து கொடுத்த அட்டை இருக்கும். எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரிடம் அது இல்லை.

(இயக்கம் மட்டும் என்ன, ஒழுங்காகவா நடந்தது என்று கேட்பீர்கள். 1994-இல் பிடிபட்ட கடற்படை அதிகாரி அஜித் போயகொட எட்டு வருடம் கழித்து 2002-இல் உயிரோடு வீட்டுக்குப் போனார். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் போகவில்லை. அதையும் மறைக்க நான் விரும்பவில்லை.)

2009 டிசம்பர் வரை மெனிக் பாமை விட்டு நாங்களே வெளியே போக முடியாது. பாஸ் கிடைத்ததும் முதல் வேலையாக வவுனியாவில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒரு பெயர் இல்லை அக்கா, அடுத்த கிழமை வாங்கோ" என்றார். அடுத்த கிழமையும் அதே பதில்தான். பட்டியல் சிங்களத்தில் இருந்தது. தம்பியின் பெயரை யாரோ காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் மாறிக் கிடந்தது. இதை எனக்குச் சொன்னது அலுவலகத்தில் யாருமில்லை, வாசலில் நின்ற ஓர் இளம் ஆமிக்காரன். பெயரை என்னிடம் கேட்டு, நாலைந்து விதமாகச் சிங்களத்தில் எழுதித் தந்தான். அந்தத் துண்டை நீட்டியதும் இரண்டாவது பக்கத்திலேயே தம்பி அகப்பட்டான். மேசைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, சிரிக்கவில்லை.

இன்றைக்கும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சரி, சொந்தப் பெயர், இயக்கப் பெயர், பிறந்த திகதி எல்லாவற்றையும் சிங்களத்திலும் எழுதிக் கொண்டு போங்கள்.

அப்புறம் விதானையார் (கிராம அலுவலர்) கடிதம். சந்திக்கப் போகிறவர் உறவுதான் என்று நிரந்தர விலாசத்து விதானையார் உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். எங்கள் விதானையாரோ இடம்பெயர்ந்து அதே மெனிக் பாமில் வேறொரு வலயத்தில் இருந்தார். தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினால், அவரிடம் முத்திரை இல்லை. அது வன்னியிலேயே போய்விட்டது. முத்திரை இல்லாத கடிதம் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் பிரதேச செயலகத்தில் ஒருவர் மனமிரங்கித் தன் முத்திரையைக் குத்தித் தந்தார்.

அதோடு முடிந்ததா? பொலனறுவைப் பக்கம் இருந்த முகாமுக்கு விடியப்புறம் பஸ் ஏறி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நெடுநேரம் நிற்க வைத்துவிட்டு, அவனை மாற்றிவிட்டோம் என்றார்கள். எங்கே என்று கேட்டதற்கு வவுனியாவில் கேட்கச் சொன்னார்கள். அவன் கொண்டுபோகப்பட்டது நாங்கள் புறப்பட்ட வவுனியாவுக்கேதான்! அம்மா கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொட்டலத்தை பஸ்ஸுக்குள்ளேயே கொட்டினா.

சந்தித்தபோது வாங்கில் எதிரெதிரே உட்கார வைத்தார்கள், பக்கத்தில் ஒருவர் நின்றார். சாப்பாடு, காய்ச்சல், அம்மாவின் முழங்கால் இதற்கு மேல் பேச்சு போகாது. சவர்க்காரம், உள்ளுடுப்பு, உடைக்காத பிஸ்கட் பக்கற் உள்ளே போகும், பேப்பர் போகாது. தச்சு வேலை பழக்குகிறார்கள், சிங்களம் படிப்பிக்கிறார்கள் என்றான். இந்த முகாமில் அடி இல்லை என்றான். முதலில் இருந்த இடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

2011-இல் விட்டார்கள். கையில் ஒரு கடிதம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகும் பக்கத்து ஆமி முகாமில் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பதும் அந்தக் கடிதத்தைத்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் அது ஊறிப் பிய்ந்துபோனது. சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வைத்த கொப்பி யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் இருந்ததால் தப்பினோம். கொப்பியை வேறொரு வீட்டில் வையுங்கள், கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு உண்மையான பதில் வேறு. தம்பியோடு அதே பஸ்ஸில் ஏறிய ஒருவர் திரும்பவில்லை. அப்படி ஒருவரைத் தாங்கள் பிடித்து வைக்கவே இல்லை என்கிறார்கள். மனைவி தேடி அலையாத இடமில்லை. ஏறியதைக் கண்டேன் என்று வாயால் சொன்னால் எடுபடுவதில்லை. அவ கடைசியாக அவரைத் தேடி விண்ணப்பம் கொடுத்தபோது, தம்பி தான் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டு, தன் விடுதலைக் கடிதத்தின் கொப்பியையும் சேர்த்துக் கொடுத்தான். அந்த நாளில் அந்த இடத்தில் இராணுவம் ஆட்களைப் பொறுப்பெடுத்தது என்பதற்கு அரசாங்கமே தந்த தாள் அதுதானே. வாங்க மறுத்த எழுதுவினைஞர் தாளைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். பதிவு இலக்கம் எழுதித் தராமல் வெளியே வராதீர்கள் என்று அவவிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தா.