தேச அரசு என்றால் என்ன?

அண்ணன் மகள் நேற்று ராத்திரி பாடப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "சித்தப்பா, தேச அரசுன்னா நாடுதானே?"

இல்லடா. அரசு என்பது எல்லை, சட்டம், வரி, காவல். தேசம் என்பது 'நாமெல்லாம் ஒன்று' என்று நினைக்கிற மக்கள். இரண்டும் ஒரே வரைபடத்துக்குள் பொருந்தினால்தான் தேச அரசு. ஐ.நா.வில் உள்ள 193 நாடுகளையும் அப்படியே அழைக்கிறோம். உண்மையில் பொருந்துவது வெகு சில. குர்து மக்களைப் பாருங்கள். முதல் உலகப்போருக்குப் பின் ஒட்டோமான் பேரரசோடு 1920இல் போட்ட செவ்ர் ஒப்பந்தம் தனி நாட்டுக்கு வழி காட்டியது, அதற்குப் பதிலாக 1923இல் வந்த லோசான் ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சே காணோம். இன்று துருக்கி, இராக், ஈரான், சிரியா என்று நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள்.

சரி, பிரான்ஸ்? அதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் 1794இல் பாதிரியார் கிரெகுவார் கொடுத்த அறிக்கையில், பிரெஞ்சு மொழியே தெரியாதவர்கள் குறைந்தது 60 லட்சம் பேர். சுத்தமாகப் பேசுபவர்கள் 30 லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள். அங்கே அரசுதான் முதலில் வந்தது. தேசத்தைப் பிறகு பள்ளிக்கூடத்தில் வைத்துச் செய்தார்கள். பிரான்சின் மேற்கு ஓரத்தில் பேசும் பிரெத்தோன் மொழியில் ஒரு வார்த்தை பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் பழைய மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். இன்னொரு பிள்ளை அம்மா மொழியில் வாய் திறக்கும்வரை அது இறங்காது. அப்புறம் அவன் கழுத்துக்குப் போகும்.

இதைக் கேட்டதும் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். "அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட எந்த மொழியில அழுதிருப்பான் சித்தப்பா?"