ஓராண்டு ஒப்பந்தக்காரர்கள்

இஷ் ஸ்மித் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 13 அணிகளுக்கு ஆடியவர். அவருக்கு முன் யாரும் 12ஐத் தாண்டியதில்லை. 2010இல் டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்த அணியும் அவரைச் சீண்டவில்லை. 2023இல் டென்வர் நக்கெட்ஸ் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். இப்படி அணி மாறிக்கொண்டே இருப்பவரை ‘எங்கும் ஒட்டாதவர்’ என்று ரசிகர்கள் நினைப்பதுண்டு. சம்பளக் கணக்கைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும்.

குறைந்தபட்சச் சம்பளம் அங்கே அனுபவத்தோடு ஏறும். 2023-24இல் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்குச் சுமார் 20 லட்சம் டாலர். பத்து ஆண்டு ஆனவருக்குச் சுமார் 32 லட்சம். அப்படியே விட்டிருந்தால் மூத்தவரை ஒதுக்கிவிட்டு எல்லாரும் இளைஞனையே எடுப்பார்கள். அதற்காக ஓர் ஏற்பாடு உண்டு. மூத்த வீரரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தால், இரண்டு ஆண்டு விகிதத்துக்கு மேற்பட்ட தொகையை லீக்கே அணிக்குத் திருப்பித் தரும். சம்பள உச்சவரம்புக் கணக்கிலும் சிறிய தொகைதான் ஏறும். ஆனால் இரண்டாம் ஆண்டையும் சேர்த்து எழுதினால் இந்தச் சலுகை போய்விடும். வேலையைக் காப்பாற்றுகிற அதே விதிதான் கோடைதோறும் பெட்டியைக் கட்ட வைக்கிறது.

ஓராண்டு என்று எழுதியதாலேயே முழுப் பணமும் உறுதி என்று ஆகாது. உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தங்கள் ஜனவரி 10 அன்றுதான் உறுதியாகும். விடுவிக்கப்படும் வீரர், வேறு அணி எடுத்துக்கொள்ள வாய்ப்பாக, 48 மணி நேரம் வேவர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதால் அணிகள் 7ஆம் தேதிக்குள் முடிவெடுக்கும். புத்தாண்டு வாரத்தில் ஏஜென்டிடமிருந்து போன் வந்தால் நல்ல சேதியாக இருப்பது அபூர்வம். அதே வாரத்தில், ஜனவரி 5 முதல், பத்து நாள் ஒப்பந்தங்களும் தொடங்கிவிடும். பத்து நாள் அல்லது மூன்று ஆட்டம், இவற்றில் எது நீளமோ அதுவே காலம். ஒரே அணி ஒரு சீசனில் ஒருவருக்கு இரண்டு முறை மட்டுமே இதைத் தரலாம். அதன் பிறகு சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். சம்பளம் நாள் கணக்கில். அந்த 32 லட்சத்தை சீசனின் 174 நாளுக்குப் பிரித்தால், பத்து நாளுக்குச் சுமார் 1.8 லட்சம் டாலர். சீசன் நடுவில் நட்சத்திர ஆட்டத்துக்காக விடும் ஆல்-ஸ்டார் இடைவேளை குறுக்கிட்டால் அணிகள் பெரும்பாலும் கையெழுத்தைத் தள்ளிப்போடும். ஆட்டமே இல்லாத நாளுக்கு யார் காசு தருவார்கள்?

கூப்பிட்ட மறுநாளே களமிறங்க நேரலாம். அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பிளேபுக் முழுவதையும் ஒரே ராத்திரியில் படிக்க முயல்வது வீண். தாக்குதலில் இடம் மாறி நின்றால் சக வீரர் கையைக் காட்டி நகர்த்திவிடுவார்; தடுப்பில் தடுமாறினால் கூடை விழும். அதனால் பிக்-அண்ட்-ரோல் தடுப்புக் கட்டளைகளைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். தாக்கும் அணியில் ஒருவர் தடுப்பாளரின் வழியை மறித்து நின்று (இதுதான் ஸ்கிரீன்), பிறகு கூடையை நோக்கி ஓடுவது பிக்-அண்ட்-ரோல். ஓரத்தில் ஸ்கிரீன் வரும்போது, பந்து வைத்திருப்பவரை நடுவே விடாமல் கூடைக்குப் பின்னுள்ள பேஸ்லைன் பக்கம் தள்ளும் முறையை ஓர் அணி ‘ஐஸ்’ என்று கூவும். இன்னொன்று ‘புளூ’ என்றும், வேறொன்று ‘டவுன்’ என்றும். பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும் கார்டு (வெளிவட்டத்தில் ஆடும் உயரம் குறைந்த வீரர்) மேலே போய் ஸ்கிரீனுக்குப் போகும் வழியை அடைப்பார், உயரமானவர் கீழே காத்திருப்பார். இருவரில் ஒருவர் பழைய அணியின் சொல்லுக்குப் பழகியிருந்தால் இருவரும் மேலேயே நிற்பார்கள். கூடைக்குப் போகும் பாதை திறந்து கிடக்கும். இப்படி இரண்டு முறை நடந்தால் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்த்திவிடுவார், பத்தில் ஒரு நாள் கழிந்துவிடும்.

கீழே என்பிஏவின் இரண்டாம் நிலை லீக்கான ஜி லீக் இருக்கிறது. அங்கே பத்து ஆண்டு காத்திருந்த ஆண்ட்ரே இங்க்ராம், 2018 ஏப்ரலில் 32 வயதில் என்பிஏவின் லேக்கர்ஸ் அணிக்கு முதல் ஆட்டம் ஆடி 19 புள்ளி எடுத்தார். அழகான கதைதான், ஆனால் அதை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. பிழைப்புக்குப் பெரும்பாலோர் போவது ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும்.

அங்கே பெரும்பாலான லீக்குகள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஆடுவதால் ஆட்டமே வேறு. மூன்று புள்ளிக் கோடு 7.24 மீட்டரிலிருந்து 6.75க்கு வந்துவிடும், ஆட்டம் 48க்குப் பதில் 40 நிமிடம், ஐந்தாவது ஃபவுலில் வெளியே. தடுப்பாளர் யாரையும் நெருங்கி மறிக்காமல் கூடைக்கடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற என்பிஏ விதி ஃபிபாவில் கிடையாது. உயரமானவர் அங்கேயே குடியிருப்பார். என்பிஏவில் வேகத்தை மட்டும் நம்பி ஊடுருவிப் பழகிய கார்டுகள் முதல் மாதத்தில் திணறுவது இதனால்தான்.

ஒப்பந்தத்தைப் படிக்கும் முறையும் மாறும். பெரும்பாலும் வரி போகக் கைக்கு வரும் தொகையையே எழுதுவார்கள். வீடும் காரும் விமான டிக்கெட்டும் கிளப் தரும். கிளப் கட்டிய வரிக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், உலகில் எங்கே சம்பாதித்தாலும் சொந்த நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய அமெரிக்கர் பின்னால் அலைவார். சம்பளம் எத்தனை நாள் தாமதமானால் பயிற்சியை நிறுத்தலாம், எத்தனை நாளில் ஒப்பந்தத்தை முறித்து மீதிப் பணம் கேட்கலாம் என்பதை எண்ணில் எழுதியிருக்க வேண்டும். தகராறு ஜெனீவாவில் உள்ள கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகும் என்ற பிரிவும் வேண்டும். 2007இலிருந்து இயங்கும் அந்த அமைப்பின் தீர்ப்பை மதிக்காத கிளப்புக்கு ஃபிபா புதிய வீரர் பதிவைத் தடைசெய்யலாம்.

கடைசியாக மருத்துவப் பரிசோதனை. வந்திறங்கிய எத்தனை மணி நேரத்துக்குள் அது முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது முடியும்வரை பயிற்சியில் இறங்கக் கூடாது. காலக்கெடு எழுதாத கிளப், வீரரின் ஆட்டத்தை நான்கு நாள் பார்த்து, பிடிக்காமல் போன பிறகுதான் அவருடைய முழங்காலில் பழைய காயத்தைக் கண்டுபிடிக்கும்.