பையனுக்குச் சளி, அம்மாவுக்கு ஃப்ளூ

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு, ஐப்பசி மழையில், சென்னையில் எங்கள் வீட்டில் பையனும் அம்மாவும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். அவனுக்குச் சாதாரணச் சளி, அம்மாவுக்கு இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ. இரண்டும் வைரஸால் வருவதுதான். ஆனால் வந்த விதமும் ஆளைப் போட்ட விதமும் வேறு வேறு.

பையனுக்கு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் எங்களால் சொல்ல முடியாது. தொண்டை கரகரக்கிறது என்றான். அப்புறம் தும்மல். மறுநாள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. நெற்றி லேசாகச் சுட்டதே தவிர, தெர்மாமீட்டர் 99-ஐத் தாண்டவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு தோசை கேட்டான்; மழை விட்டதும் கீழே விளையாடப் போகிறேன் என்று ஒரே அடம்.

அம்மா மதியம் வரை சமையலறை அலமாரியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் காபி கலக்கும்போது "குளிருதுடா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராத்திரிக்குள் 102 டிகிரி. இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. "முதுகு, தொடையெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். மூக்கு ஒழுகவே இல்லை, வறட்டு இருமல் மட்டும். பாத்ரூம் வரை போகவே கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

காலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியுமாம்மா?" என்பதுதான். அம்மா யோசிக்காமல் காபி நேரத்தைச் சொன்னார். ஃப்ளூ பெரும்பாலும் அப்படித்தான் திடீரென்று தாக்கும் என்றார் டாக்டர். கடும் காய்ச்சல், உடம்பு வலி, எழுந்திருக்க முடியாத அசதி, இது மூன்றும் சேர்ந்து வந்தால் அவருக்குச் சந்தேகம் வலுக்குமாம். சளி மெல்ல மெல்ல ஏறும். தொல்லை மூக்கிலும் தொண்டையிலும்தான் அதிகம்.

ஆனால் அறிகுறியை மட்டும் வைத்து அவர் முடிவு கட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. மழைக்காலத்தில் டெங்குவும் இதே மாதிரி காய்ச்சலும் உடம்பு வலியுமாகத்தான் தொடங்கும். கொரோனாவும் இன்னும் போய்விடவில்லை. ரத்தம் எடுத்தார்கள், மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கம் போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவை அதிகப்படுத்திவிடும். முடிவு வந்தபோது ஃப்ளூ ஏ வகை என்று இருந்தது.

இந்த வித்தியாசம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் கஞ்சியும் ஓய்வும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். திடமான ஆளுக்குப் பெரும்பாலும் அது சரி. அம்மா 65-ஐத் தாண்டியவர், சர்க்கரை வேறு. இப்படிப்பட்டவர்களுக்கு ஃப்ளூ நிமோனியா வரை போகலாம். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் போயிருக்கும். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வீட்டிலும் இந்தக் கணக்கு முக்கியம்.

பையனுக்கும் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். காய்ச்சல் இல்லை, ஓடியாடுகிறான், தேவையில்லை. காய்ச்சல் ஏறினால் கூட்டி வாருங்கள் என்றார். பாட்டி அறைக்குள் மட்டும் அவனை விடவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து அன்போடு அசித்ரோமைசின் அட்டை ஒன்று வந்தது, அவர்கள் வீட்டில் மிச்சம் இருந்ததாம். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சளியிலும் ஃப்ளூவிலும் அதற்கு வேலை இல்லை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் இதை வாங்கி மூன்று வேளை போட்டு நிறுத்துகிற பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது.

வீட்டில் கவனித்தது பெரும்பாலும் அம்மாவின் சர்க்கரையைத்தான். காய்ச்சல் அதை ஏற்றிவிடும். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டால் சட்டென்று இறங்கியும் விடலாம். அதனால் அடிக்கடி குத்திப் பார்த்தோம், கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுத்தோம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். காய்ச்சல் விட்டு, தேறிவந்த பிறகு மறுபடி ஏறினாலும் அப்படியே. அது பாக்டீரியா தொற்று சேர்ந்துகொண்டதன் அடையாளமாக இருக்கலாம். நல்லவேளை, எதுவும் வரவில்லை. காய்ச்சல் போன பிறகும் இருமலும் அசதியும் மட்டும் ரொம்ப நாள் இழுத்தன. பையன் அதற்கு வெகு முன்பே பள்ளிக்கூடம் போய்விட்டான்.

ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியையும் வருஷா வருஷம் போட வேண்டும். இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று.