முதற்சொல்லே சொல்லிவிடுகிறது: பொஸ்னிய மொழி நாட்குறிப்பு

நவம்பர் 4, சரயேவோ

நிபந்தனை வாக்கியங்களுக்கு வந்துவிட்டேன். ‘நேரம் இருந்தால் வருவேன்’, ‘சிறகு இருந்தால் பறப்பேன்’ இரண்டுக்கும் நம்மிடம் ஒரே ‘இருந்தால்’தான். எது நடக்கும், எது நடக்காது என்பது கேட்பவருக்கே விளங்கும். பொஸ்னிய மொழியில் அப்படி விட முடியாது. அகோ, காத், தா மூன்றில் ஒன்றை வாய் திறக்கும்போதே தேர்ந்தாக வேண்டும்.

நவம்பர் 6

நடக்கக்கூடியதற்கு அகோ. ‘அகோ புதெம் இமாலா வ்ரெமெனா, தோச்சி ச்சு’: நேரம் இருந்தால் வருவேன். சொல்பவர் ஆண் என்றால் இமாலா, இமாவோ ஆகும். அலுவலகக் கடிதங்களில் அகோ இருக்கும் இடத்தில் உகோலிகோ வரும்.

நவம்பர் 9

கற்பனைக்கு காத். தனியாக நின்றால் அது ‘எப்போது’. பிஹ் சேர்ந்ததும் நிபந்தனை. ‘காத் பிஹ் இமாலா நோவ்த்சா, குபிலா பிஹ் குச்சு’: பணம் இருந்தால் வீடு வாங்குவேன். இலக்கணப்படி நான் என்றால் பிஹ், நாம் என்றால் பிஸ்மோ, நீங்கள் என்றால் பிஸ்தே. டிராமில் காதைக் கொடுத்தால் எல்லாருக்கும் வெறும் பி! பேச்சில் அது இயல்பு. எழுதும்போது மட்டும் நான் ‘பிஹ்’ஐ விடப்போவதில்லை.

நவம்பர் 12

தா என்னை முழுதாக இழுத்துக்கொண்டது. கைவிட்டுப் போனதைப் பேச இதுதான் வேண்டும். ‘தா சாம் ஸ்னாலா, தோஷ்லா பிஹ்’: தெரிந்திருந்தால் வந்திருப்பேன். இதில் ‘தோஷ்லா பிஹ்’ மட்டும் தனியே வந்தால் ‘வருவேன்’ என்றும் கொள்ளலாம், ‘வந்திருப்பேன்’ என்றும் கொள்ளலாம். இறந்தகாலத்தைப் பிரித்துக் காட்டும் ‘பிலா பிஹ் தோஷ்லா’ என்ற வடிவம் உண்டு, பேச்சில் அரிது. ஆகவே காலத்தின் சுமை முழுவதும் முன்பாதியின் மேல், ‘தா சாம்’ மேல். நாம் முடிவில் ‘வந்திருப்பேன்’ என்று கேட்டு உறுதி செய்துகொள்வதை இவர்கள் தொடக்கத்திலேயே அறிந்துவிடுகிறார்கள்.

1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்த ஊர் இது. ‘தா நியே பிலோ ராதா’, போர் மட்டும் இல்லாதிருந்தால், என்று ஒருவர் தொடங்கினால் பின்பாதியைச் சொல்லாமலே நிறுத்தலாம். எதிரில் இருப்பவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இந்த வாக்கியத்திலிருந்துதான் தா-வைத் தொடங்க வேண்டும் என்பேன்.

நவம்பர் 15

நிபந்தனையே இல்லாமலும் பி வருகிறது. ‘தெதோ பி ஸ்வாகோ யூத்ரோ போபியோ காஃபு’: தாத்தா தினமும் காலையில் காபி குடிப்பார். பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தை எடுக்கிறோம், இவர்கள் நிபந்தனை வடிவத்தை. அடுத்து லி. ‘அகோ’ இல்லாமலே ‘புதெஷ் லி இமாலா வ்ரெமெனா’, உனக்கு நேரம் இருந்தால், என்று நிபந்தனை சொல்லும் முறை அது.