கை வேகம் போதவில்லை என்று யார் சொன்னது?

ஆன்லைன் வீடியோ கேமில் ரேங்க் ஏறவே மாட்டேங்குது என்று புலம்பும் ஆட்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும்: டீம்மேட் சரியில்லை, இல்லையென்றால் எனக்கு ரிஃப்ளெக்ஸ் போதவில்லை. முதலாவதை அப்புறம் பார்க்கலாம். இரண்டாவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. திரையில் ஒன்று தெரிந்து விரல் அசைய சாதாரண ஆளுக்கு 200 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும், தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மானிட்டர் கதையும் இதேதான். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படம் (ஃபிரேம்) காட்டும் திரையில், ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 7. மாற்றினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும், வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஆனால் ஃபிரேமுக்குக் குறைவது பத்து மில்லிசெகண்ட்தான். கிராஸ்ஹேர் என்கிற குறிப்புள்ளியைத் தரையில் உழவிட்டுக்கொண்டே நடந்துபோய், எதிரி தெரிந்ததும் அதை அவன் தலைக்குத் தூக்கினால், அந்த ஒரு இழுப்பில் அதைப்போல் பத்து மடங்கு நேரம் போய்விடும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் என்கிற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிற தம்பி ஒருவன் இருக்கிறான். ஏம், அதாவது குறி, மோசம் என்று முடிவுகட்டி தினமும் அதைப் பழக்கும் ஏம் ட்ரெய்னரே கதி என்று கிடந்தான். அவன் தோற்ற மேட்ச் ஒன்றின் டெமோவை (ஆட்டத்தின் பதிவு) போட்டு, செத்த இடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்து நொடி பின்னால் தள்ளிப் பார்த்தோம். ஏகே-47இல் முப்பது குண்டு. ஒருத்தனைச் சாய்த்துவிட்டான், இன்னும் இருபதுக்கு மேல் மிச்சம் இருக்கிறது, ஆனாலும் விரல் தானாக ரீலோடுக்கு (குண்டு நிரப்ப) போகிறது. அது முடிய இரண்டு நொடிக்கு மேல் ஆகும், அந்தச் சத்தம் வேறு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு நன்றாகக் கேட்கும், அவன் சும்மா இருப்பானா, வெளியே வந்து சுட்டுவிட்டுப் போகிறான். அந்த மேட்ச் முழுக்க இதே கூத்து திரும்பத் திரும்ப நடந்தது. ஏமுக்கும் இதற்கும் துளி சம்பந்தம் இல்லை. ரீலோடை எட்டாத பட்டனுக்கு மாற்றிவை என்றேன், மாற்றினான், எரிச்சலாக இருக்கிறது என்று இன்றுவரை திட்டுகிறான், ஆனால் அந்த மாதிரி சாவது பெரிதும் குறைந்துவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். சண்டை தொடங்கும்போது எங்கே நிற்கிறோம், எதைக் கையில் வைத்திருக்கிறோம், எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், இவற்றிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. ஒருவரோடு ஒருவர் மோதும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேம் பக்கம் போனவர்கள் எல்லாரும் பார்த்திருக்கும் அந்த 2004 ஈவோ போட்டிக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் வந்த தேர்ட் ஸ்ட்ரைக் ஆட்டம், டைகோ உமேஹாரா ஆடும் கென் என்ற பாத்திரத்துக்கு உயிர் ஒரு இழைதான் பாக்கி, தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும் என்பதால் தடுத்தாலே செத்துவிடும் நிலை. எதிரே ஆடும் ஜஸ்டின் வாங் தன் பாத்திரமான சுன்-லியின் சூப்பரை, அதாவது பெரிய தொடர் தாக்குதலை, அவிழ்த்துவிடுகிறார், 15 அடி. ஒவ்வொன்றையும் டைகோ பாரி செய்து, திருப்பி அடித்து ஜெயிக்கிறார். பாரி என்றால் அடி விழுகிற நொடியில் ஸ்டிக்கை எதிரியை நோக்கித் தட்ட வேண்டும், தவறினால் தடுப்பும் கிடையாது. அந்த முதல் அடியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தட்ட நேரமே இல்லை, இப்போது சூப்பர் வரும் என்று முன்னாலேயே எதிர்பார்த்திருக்க வேண்டும். மீதி அடிகளின் தாளம் ஏற்கெனவே பழகிவைத்தது. கூட்டம் கத்தியது என்னவோ ரிஃப்ளெக்ஸுக்காக. (அந்தப் போட்டியை டைகோ வெல்லவில்லை, இறுதியில் கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார், இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.)

அதற்காக ஏம் பயிற்சி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டால் போதும். இன்றைக்கு நின்று சுடுவது என்றால் அது மட்டும்: இடப்பக்கம் ஓடும்போது அதற்கான ஏ பட்டனிலிருந்து விரலை எடுத்தால் மட்டும் போதாது, வலப்பக்கத்துக்கான டி-யை ஒரு தட்டுத் தட்டினால்தான் ஆள் சட்டென்று நிற்பான், குண்டு நேராகப் போகும். செத்தாலும் உடனே மறுபடி வரும் டெத்மேட்சில் இதையே செய்துகொண்டு இருங்கள், ஸ்கோர் பாதாளத்துக்குப் போனாலும் போகட்டும். மவுஸ் சென்சிடிவிட்டியை மட்டும் வாரம் ஒருமுறை மாற்றாதீர்கள், தயவுசெய்து.

சரி, ரேங்க். அர்பாட் எலோ செஸ்ஸுக்குப் போட்ட திறன் மதிப்பீட்டுக் கணக்கின் வழிவந்த முறைகள்தான் பல ஆட்டங்களில் ஓடுகின்றன. உங்களுக்குச் சமமான ஆட்களாகப் பார்த்துக் கோர்ப்பதுதான் அவற்றின் வேலை, ஆகவே உங்கள் இடத்தை அடைந்துவிட்டால் ஏறத்தாழ பாதி மேட்ச் தோற்கத்தான் செய்வீர்கள். வெற்றியும் தோல்வியும் சரிபாதி என்றால் அடுத்த ஐந்தும் தோல்வியாக அமைய 32இல் ஒரு வாய்ப்பு. நூறு மேட்ச் ஆடுபவருக்கு அப்படி ஒரு வரிசை எங்காவது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதை வைத்து, சிஸ்டம் என்னைக் குறிவைக்கிறது என்று ஒருத்தர் கொதித்துப் போய் ஆடும் ஆறாவது மேட்ச்தான் உண்மையில் விளங்காது: ஸ்மோக் (புகைக் குண்டு) போடாமல் பீக் செய்வார், அதாவது மறைவிலிருந்து எட்டிப்பார்ப்பார், மைக்கில் கத்துவார், மற்ற நாலு பேரும் அவரை மியூட் செய்வார்கள்.

டீம்மேட் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்றேன் அல்லவா. சொதப்புபவர்கள் எதிர் அணியிலும் வருகிறார்கள், ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் அங்கே அவர்களுக்கு ஐந்து இடம், உங்கள் பக்கம் நாலுதான், நீங்கள் அந்த ஐந்தாவது ஆளாக இல்லாதவரை கணக்கு உங்களுக்குத்தான் சாதகம். நான் வைத்திருக்கும் வழி எளிது: தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் ரேங்க்ட் மேட்ச் அன்றைக்கு முடிந்தது, அப்புறம் டெமோ பார்ப்பது, அல்லது தூக்கம். சாட்டில் திட்டுபவனுக்குப் பதில் டைப் செய்யும் அந்த நாலு நொடியில் திரை மூலையில் இருக்கும் மினிமேப்பை யாரும் பார்ப்பதில்லை, அதனால் முதல் ரவுண்டிலேயே மியூட்.